இத்தாலிக்கு முன் கீழக்குயில்குடி

அன்புள்ள மருமகளுக்கு,

கல்யாணம் முடிந்த கையோடு இத்தாலிக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். சின்க்வே தெர்ரே நல்ல இடம். கடலை ஒட்டிய மலைச்சரிவில் ஐந்து சிற்றூர்கள், ஊருக்கு ஊர் நடைபாதை. கல் அடுக்கிக் கட்டிய வரப்புகளில் திராட்சைக் கொடி, கீழே கடலில் நெத்திலி. வழியில் பார்த்ததுதான் சாப்பாட்டு மேசைக்கும் வரும். 1997இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. போய் வாருங்கள். அதற்கு முன் மாப்பிள்ளையோடு மதுரையில் நாலு நாள் நட. இங்கேயே வளர்ந்தும் இந்த ஊரை நீ ஸ்கூட்டியிலிருந்துதான் பார்த்திருக்கிறாய்.

உன் மாமாவுக்கும் எனக்கும் விடுமுறை என்றால் இதுதான். சாப்பிடும் இடத்துக்கு நடந்தே போக வேண்டும் என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு.

சித்திரை வீதியில் ஆரம்பி. ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று கோயிலைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாக ஊர் விரியும். வெளி வீதிகள் இருக்கும் இடத்தில் முன்பு கோட்டையும் அகழியும் இருந்தன. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். அவர் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண். அதன் பக்கத்தில் ஜிகர்தண்டா குடி. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். மாசி வீதி வெயிலில் சுற்றிவிட்டு வந்தவருக்குத்தான் அந்த நன்னாரியின் அருமை தெரியும்.

இந்த ஊரில் ஒவ்வொரு தீனிக்கும் ஒரு பொழுது உண்டு. அந்தியில் பருத்திப்பால்: பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சி, தேங்காய்ப்பூ தூவித் தருவார்கள். கரிசல் காட்டுப் பருத்திதான் அப்படித் தம்ளரில் வருகிறது. ராத்திரியானால் சிம்மக்கல் பக்கம் கறிதோசை.

மலைகளுக்கு விடியலில் போக வேண்டும். முதலில் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். செட்டிப்புடவில் மகாவீரரைப் பார்த்துவிட்டுப் பேச்சிப்பள்ளத்துக்கு ஏறு. பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அடியில் வட்டெழுத்து. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. நடக்க ஆள் துணை வேண்டுமென்றால் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010இல் தொடங்கிய பசுமை நடை இருக்கிறது. அழகர்கோயிலில் பழமுதிர்சோலை தாண்டி நூபுரகங்கை வரை காட்டுவழியே ஏறி இறங்கு. கோயில் தோசையை இறங்கிய பிறகுதான் வாங்க வேண்டும். தோல் உளுந்தும் மிளகும் சுக்கும் நெய்யும் சேர்ந்த கனத்த தோசை. பாதியே போதும், பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

மேலூர் பக்கம் அரிட்டாபட்டியை மட்டும் விட்டுவிடாதே. பாண்டியர் காலத்துக் குடைவரை, தமிழிக் கல்வெட்டு, வல்லூறுகள் கூடு கட்டும் பாறை, மலையிலிருந்து வழியும் தண்ணீரை ஏந்தும் கண்மாய்கள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்த வட்டாரம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. 2025 ஜனவரியில் சனங்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்து நியாயம் கேட்டார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. நீங்கள் நடக்கப்போகும் அந்தக் கண்மாய்க்கரை அவர்கள் நடந்து மீட்டது. இதை மாப்பிள்ளைக்கு அங்கே நின்று சொல்.

அங்கே ஹோட்டல் தேடாதே. டீக்கடையில் வடை கிடைத்தால் சாப்பிடுங்கள், இல்லையென்றால் மேலூர் வந்து பசியாறலாம். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள். பாறையில் ஒரு பாலித்தீன் பைகூடப் போடக் கூடாது. மார்கழியோ தையோ வாருங்கள், கண்மாயில் தண்ணீர் கிடக்கும். சித்திரையில் வந்தால் திருவிழா பார்க்கலாம், மலையேற வெயில் விடாது. தேதி முடிவானதும் சொல், மாமா கூட வருவார்.

அன்புடன்,
அத்தை