மூடுபனி விளக்கும் அதற்கேற்ற பல்பும்

மார்கழி தைத் திங்களில் பஞ்சாபு முதல் பீகார் ஈறாகக் கங்கைச் சமவெளியெங்கும் மூடுபனி கவிவது வழக்கம். ஈரம் பொதிந்த அந்நிலம், மேகமும் காற்றும் அற்ற நீண்ட இரவில் தன் வெப்பத்தை வானில் விட்டுக் குளிர, அதனையடுத்த காற்றிலுள்ள நீராவி நுண்டுளிகளாகி மிதந்து நிற்பதே அப்பனியாகும். நாமக்கல், சங்ககிரி முதலிய ஊர்களிலிருந்து சரக்கேற்றி வடநாடு செல்லும் லாரி ஓட்டிகள், சிலபோது சில மீட்டருக்கு அப்பால் யாதும் தோன்றாத அவ்வெண்டிரையினுள் வண்டி செலுத்த நேரிடுகின்றது. அவ்வேளையில் அவர்க்குத் துணையாவது வண்டியின் முன்புறம் தாழ அமைந்த மூடுபனி விளக்கு. அதன் பல்பு அவிந்துபோனால், பொருந்துகின்ற பல்பு எதுவாயினும் எரிந்தாற் போதும் என்று எண்ணுவோர் பலர். அங்ஙனம் எண்ணுதல் ஓட்டிக்கும் எதிர்வருவோர்க்கும் எத்துணைக் கேடு பயக்கும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தலைவிளக்கின் ஒளி பனித்துளிகளிற் பட்டுத் திரும்பி ஓட்டியின் கண்ணையே வந்தடைகின்றது. ஒளியை மிகுக்குந்தோறும் எதிரே தோன்றும் வெண்சுவரும் மிகும். மூடுபனி விளக்கோ, தாழ்ந்த இடத்திலிருந்து அகன்று தட்டையான கற்றையைச் சாலையின்மீது விரிக்கின்றது. அக்கற்றையின் மேல்விளிம்பு கத்தியால் அறுத்தாற்போல் முடிதல் வேண்டும். விளிம்புக்கு மேலே ஒளி கசியுமாயின் விளக்கின் பயன் முழுதும் கெடும். நெடுந்தொலைவு காட்டுவது இதன் தொழிலன்று; சாலையின் ஓரத்தையும் அதிலிட்ட வெண்கோட்டையும் காட்டுவதே இதன் தொழில்.

மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்பது பலரும் கூறும் கொள்கை. ராலே பிரபுவின் ஆராய்ச்சிப்படி, ஒளியலையின் நீளத்தினும் மிகச் சிறிய துகள்கள் நீலத்தை மிகுதியாகவும் சிவப்பைக் குறைவாகவும் சிதறச் செய்யும். வானம் நீலமாதற்குக் காரணம் அதுவே. ஆனால், கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரானிலும் குறைவு. பனித்துளியோ பல மைக்ரான் அளவினது. இத்தகைய பெருந்துளிகள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒப்பவே சிதறச் செய்யும் என்பது 1908-இல் குஸ்தாவ் மீ என்பார் வகுத்த கணக்கினாற் பெறப்படும். ஓரிடத்துக் கற்ற விதியை மற்றோரிடத்துக்கு ஆராயாது ஏற்றுவதற்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பதரிது! பிரான்சு தேசத்தார் 1993 வரையில் தம் மோட்டார் வண்டிகளுக்கெல்லாம் மஞ்சள் விளக்கையே விதித்திருந்தனர். நீலவொளி கண்ணைக் கூசச் செய்வதாதலின் அதனை நீக்கிய மஞ்சள் ஒளி சிலருக்கு இதமாயிருத்தல் கூடும், அவ்வளவே. நீலப்பூச்சுப் பூசிய பல்புகளைப் பற்றியோ நல்ல சொல் ஒன்றும் கூறுவதற்கில்லை. அப்பூச்சு ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டுக் கூச்சத்தை மட்டும் மிகுவிக்கின்றது.

இனி, பல்பைத் தேர்தலில் முதலில் நோக்கற்பாலது வோல்ட்டு. சிறிய சரக்கு வண்டிகளில் 12 வோல்ட்டு மின்சாரமும், நம் நாட்டுப் பெரிய லாரிகளிற் பெரும்பாலும் இரு பாட்டரிகளைத் தொடராக இணைத்துப் பெறும் 24 வோல்ட்டு மின்சாரமும் வழங்குகின்றன. 24 வோல்ட்டு வண்டியில் 12 வோல்ட்டுப் பல்பைப் பொருத்தினால் அஃது இமைப்பொழுதில் இழையற்றுப்போம். மாற்றிப் பொருத்தினாலோ, பல்பு கெடாது. ஆயின் ஒளி ஏறக்குறையப் பத்திலொரு பங்காகச் சுருங்கி, சிவந்து மினுங்கும்.

அடுத்தது வாட்டு. இதிலேதான் பலர் ஆசைவயப்படுகின்றனர். எச்-3 என்னும் வகைப் பல்பு 12 வோல்ட்டில் 55 வாட்டும், 24 வோல்ட்டில் 70 வாட்டும் கொள்வது. கடைகளில் 100 வாட்டுப் பல்பும் கிடைக்கும். 24 வோல்ட்டு லாரியொன்றில் 70 வாட்டுப் பல்பு இரண்டுக்கு 5.8 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும். 100 வாட்டாயின் 8.3 ஆம்பியர். இது சிறு வேற்றுமையெனத் தோன்றலாம். ஆயினும் கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மிகுவதால், அதே கம்பியில் வெப்பம் இருமடங்காகின்றது. துருவேறிய இணைப்பிலும் சுவிட்சின் தொடுமுனையிலும் அவ்வெப்பம் ஒன்றுகூடிப் பிளாஸ்டிக்கு உறையை உருக்கும். பியூஸ் எரிந்து எச்சரித்தால், அதற்கு மாறாகத் தடித்த பியூசையோ செப்புக் கம்பியையோ இட்டு அவ்வெச்சரிக்கையை வாய்மூடச் செய்வாரும் உளர். அந்நிலையில் பியூசுக்கு முன்னர்க் கம்பியே எரியும். நெடுவழியில் நள்ளிரவில் லாரி தீப்பற்றுவதற்கு இத்துணையே போதும்.

மூன்றாவது, பல்பின் வகையும் அடியும். எச்-8, எச்-9, எச்-11, எச்-16 என்பன உருவில் உடன்பிறந்தார்போல் இருப்பினும், 12 வோல்ட்டில் அவை கொள்ளும் வாட்டு முறையே 35, 65, 55, 19 ஆகும். ஒன்றன் கூட்டில் மற்றொன்று புகாவண்ணம் அடியிலுள்ள காதுகள் வெவ்வேறாக அமைக்கப்பட்டுள்ளன. அக்காதை அரத்தால் தேய்த்துப் புகுத்தும் கைத்திறமையைத் திறமையென்று கூறவொண்ணாது. 19 வாட்டுக்கென வார்த்த கூட்டில் 55 வாட்டு எரியுமாயின், பிரதிபலிப்பான் கருகும். முகப்புக் கண்ணாடி பிளாஸ்டிக்காயின் உருக்குலையும்.

இக்காலத்து எல்.இ.டி. பல்புகள் குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒளி தருவன, உண்மையே. ஆயினும் விளக்கின் பிரதிபலிப்பான், டங்ஸ்டன் இழையொன்று இன்ன இடத்தில் இன்ன நீளத்தில் எரியும் என்று கணித்து வளைக்கப்பட்டது. இழை எல்லாப் பக்கமும் ஒளிவிடுவது, எல்.இ.டி. சில்லுகளோ தகட்டின் இருபுறமும் ஒட்டப்பட்டவை. ஒளி பிறக்குமிடம் ஒரு மில்லிமீட்டர் பிறழ்ந்தாலும் கற்றை சிதைந்து, தாழ்ந்து செல்லவேண்டிய ஒளி மேலெழும். எதிரே வரும் சைக்கிளோட்டியின் கண்ணைக் குருடாக்கும். பனியிற் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். மின்வில் விளக்குகளுக்கும் இக்குற்றம் உண்டு. எல்.இ.டி.க்கெனவே தொடக்கத்தில் வகுக்கப்பட்ட முழு விளக்குகளுக்கு இக்குற்றமில்லை. இழைப்பல்பின் கூட்டில் அதனைத் திணித்தலையே மறுக்கின்றோம். 1958-இல் ஜினீவாவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி சோதித்து ஏற்கப்பட்ட பல்பின் அடியில், வட்டத்துள் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தும், ஏற்பளித்த நாட்டின் எண்ணும் பொறித்திருக்கும். 1 என்பது ஜெர்மனி, 2 பிரான்சு. வாங்குங்கால் அதனைத் தேடுக.

அலசன் பல்பின் வரலாறும் சுவையுடையது. இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியிற் படிந்து கறுப்பதே பழைய பல்பின் குறை. பிரிட்ரிச், வைலி என்னும் அமெரிக்கர் இருவர் 1959-இல் காப்புரிமை பெற்ற பல்பில் அயோடின் ஆவி அந்த டங்ஸ்டனைப் பற்றி மீண்டும் இழைக்கே கொண்டுசேர்த்தது. இவ்வினை நிகழச் சுவர் 250 பாகைக்கு மேற் சூடேறி நிற்றல் வேண்டும்; ஆதலின் அது குவார்ட்ஸ் போன்ற உறுதியான பொருளாற் செய்யப்படுகின்றது. வெறுங்கையாற் பற்றினால் விரலின் எண்ணெய் அதிற் படிந்து, அச்சூட்டில் அவ்விடத்தைப் பழுதாக்கும். அடியை மட்டும் பற்றுக. தப்பித் தொட்டுவிட்டால் சாராயம் நனைத்த தூய துணியால் துடைக்க. உள்ளிருக்கும் வாயு அழுத்தமுடையதாதலின் சூடான பல்பைக் கழற்றலாகாது.

லாரிக்கு மற்றொரு நோயுண்டு, அதுவே அதிர்ச்சி. 24 வோல்ட்டுப் பல்பின் இழை நீண்டு மெலிந்ததாதலின் மேடுபள்ளத்தில் எளிதில் அறும். கனவண்டிகளுக்கென இழைக்கு வலிய தாங்கு வைத்த பல்புகள் விற்கின்றன. விலை சற்று மிகினும் அவற்றையே வாங்குக. அடிக்கடி பல்பு அவியுமாயின் பல்பைப் பழிக்குமுன் மின்னழுத்தத்தை அளந்து பார்க்க. அழுத்தம் நூற்றுக்கு ஐந்து மிகுந்தால் பல்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும்.

பல்பை மாற்றியபின், ஈரம் புகாதிருக்க இரப்பர் மூடியைப் பழையபடி பொருத்தி, வண்டியைச் சமநிலத்தில் சுவருக்கு 10 மீட்டர் எதிரே நிறுத்தி விளக்கேற்றுக. ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் நடுவுயரத்தைவிட 20 சென்டிமீட்டரளவு தாழ்ந்து, இரு விளக்கிலும் ஒரே மட்டமாய் விழுதல் வேண்டும். ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் நின்றால், பல்பின் காது கூட்டிற் சரியாக அமர்ந்ததா என்று பார்த்த பின்னரே திருகாணியைத் திருப்புக.