மனத்தை அளக்கும் கோல்

ஒரு பொருளுக்கு உருவம் இரண்டு. ஒன்று கடையில் உள்ளது; கண்ணால் கண்டும், கையால் தொட்டும், நாவால் சுவைத்தும் அறியத்தக்கது. மற்றொன்று வாங்குவோர் மனத்தில் உள்ளது. நல்லது, மலிவானது, நம்பத்தக்கது, செல்வர்க்கே உரியது என்றெல்லாம் அப்பொருளின் பெயரைக் கேட்ட அளவில் எழும் எண்ணமே அவ்விரண்டாம் உருவமாகும். வாணிகத்தின் வெற்றியும் தோல்வியும் இவ்விரண்டையும் சார்ந்தே அமைகின்றன.

விளம்பரம் மிகப் பழைமையானது. காவிரிப்பூம்பட்டினத்தில் விற்பனையை அறிவிக்கும் கொடிகள் பறந்தமையைப் பட்டினப்பாலை காட்டுகிறது. இன்ன பொருள் இங்கே கிடைக்கும் என்று அறிவித்தலே அக்கொடிகளின் பணி. இக்கால விளம்பரமோ அறிவிப்பதோடு அமையாது, மக்கள் கருத்தை மாற்றவும் முயல்கிறது. அம்முயற்சி பயன் தந்ததா, இல்லையா என்பதை எவ்வாறு அறிவது? நெல்லை அளக்க மரக்கால் உண்டு. பொன்னை நிறுக்கத் துலாக்கோல் உண்டு. மனத்தில் நிகழும் மாற்றத்தை அளக்கும் கோல் யாது?

அமெரிக்க நாட்டில் பெருங்கடைகள் தோன்றிய காலத்திலேயே இவ்வினாவும் எழுந்தது. பிலடெல்பியா நகரத்து வணிகரான ஜான் வானமேக்கர், 1876-ஆம் ஆண்டில் பழைய புகைவண்டிச் சரக்குக் கிடங்கு ஒன்றைப் பெரியதோர் அங்காடியாக மாற்றித் திறந்தார். பேரம் பேசும் வழக்கத்தை நீக்கி, எல்லார்க்கும் ஒரே விலை என்பதை அங்கு நிலைநாட்டினார். பொருள் பிடிக்கவில்லையெனில் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் உறுதி கூறினார். 1880-ஆம் ஆண்டில் ஜான் பவர்ஸ் என்பவரை விளம்பரம் எழுதுவதற்கென்றே அமர்த்தினார். பவர்ஸ் மிகைபடப் புகழ்வதை வெறுத்தவர். கழுத்துப்பட்டிகள் பார்வைக்குத் தோன்றும் அளவு தரமானவை அல்ல; ஆயினும் 25 சென்ட் விலைக்குப் போதுமானவை என்ற கருத்துப்பட அவர் ஒருமுறை விளம்பரம் எழுதினார் என்பர்.

விளம்பரத்திற்குச் செலவிடும் பணத்தில் பாதி வீணாகிறது. அஃது எந்தப் பாதி என்பதுதான் தெரியவில்லை என்னும் கூற்று வானமேக்கர் பெயராலும் வேறு சிலர் பெயராலும் வழங்கிவருகிறது. யார் கூறியதாயினும் அதில் உண்மை உண்டு. விற்பனை மிகுந்தால் விளம்பரம் வென்றது என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால், திருவிழா வந்தமையால் விற்பனை மிகலாம். விலை குறைந்தமையால் மிகலாம். எதிர்க்கடை மூடப்பட்டமையாலும் மிகலாம். ஆதலின், கல்லாப்பெட்டியின் கணக்கு மட்டும் மனத்தின் கணக்காகாது.

அங்ஙனமாயின், வாங்குவோரையே வினவிவிடலாமே எனத் தோன்றும். அதிலும் ஓர் இடர் உண்டு. தம் உள்ளத்தில் உள்ளதை மக்கள் எப்போதும் வெளிப்படக் கூறுவதில்லை. சிலபோது அவர்களே அதனை அறிவதுமில்லை. இதனைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் மேசன் ஹேர் 1950-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி தெளிவாக்கியது.

வெந்நீரில் கலந்தவுடன் பருகத்தக்க நெஸ்கபே காப்பித்தூள் அக்காலத்தில் விற்பனைக்கு வந்திருந்தது. அதனைப் பலர் விரும்பவில்லை. காரணம் யாது என்று நேரே வினவியபோது, சுவை பிடிக்கவில்லை என்றே பெரும்பாலோர் விடையிறுத்தனர். ஹேர் இவ்விடையோடு அமையவில்லை. மளிகைப் பொருள்களின் பட்டியல்கள் இரண்டை அவர் எழுதினார். இறைச்சி, ரொட்டி, காரட்டு, உருளைக்கிழங்கு முதலியன இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. வேறுபாடு ஒன்றே. ஒரு பட்டியலில் நெஸ்கபே இருந்தது. மற்றதில் முறைப்படி வடித்து இறக்கவேண்டிய மாக்ஸ்வெல் ஹவுஸ் காப்பித்தூள் இருந்தது. 50 பெண்களிடம் முதற்பட்டியலையும், வேறு 50 பெண்களிடம் இரண்டாவதையும் தந்து, இப்பொருள்களை வாங்கிய பெண் எத்தகையவள் என்று விவரிக்கச் செய்தார். தாம் காணும் பட்டியலன்றி வேறொன்று உண்டு என்பதை அவர்கள் அறியார்.

விடைகள் வியப்பை விளைத்தன. நெஸ்கபே வாங்கிய பெண்ணைச் சோம்பேறி என்றவர் நூற்றுக்கு 48 பேர். மற்றவளை அவ்வாறு கூறியவர் நூற்றுக்கு 4 பேரே. இல்லத்துக்கு வேண்டியவற்றை முன்கூட்டித் திட்டமிடாதவள் என்று நெஸ்கபே வாங்கியவளை நூற்றுக்கு 48 பேரும், மற்றவளை 12 பேரும் குறைகூறினர். குறை சுவையில் மட்டும் இல்லை என்பது இதனால் விளங்கிற்று. அதை வாங்கினால் தம்மைப் பிறர் இகழ்வர் என்னும் அச்சமும் இருந்தது. நாவின்மேல் ஏற்றிய பழி உண்மையில் ஊராரின் கருத்துக்கு உரியது. அடுக்களையில் பெண் படும் பாட்டைக் குறைக்க வந்த பொருளே அவளுக்கு இழிபெயர் தருவதாகக் கருதப்பட்டது என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

இக்கருத்து நிலைத்திருந்ததா? 1970-ஆம் ஆண்டில் வெப்ஸ்டர், வான் பெக்மன் என்னும் இருவர் இவ்வாராய்ச்சியை மீண்டும் செய்து முடிவை வெளியிட்டனர். நெஸ்கபே வாங்குபவளைத் தாழ்வாகக் கருதும் போக்கு அப்போது மறைந்திருந்தது. இருபது ஆண்டுகளில் வாழ்க்கைமுறை மாறிற்று. பொருளின் மனவுருவமும் உடன் மாறிற்று. இம்மாற்றம் முழுவதையும் விளம்பரத்தின் கணக்கில் எழுதுவது பொருந்தாது.

பின்னர் வேறு கருவிகளும் தோன்றின. சார்லசு ஆஸ்குடு என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் 1957-ஆம் ஆண்டில் சொற்களின் பொருளை அளக்கும் முறை ஒன்றை நூலாக வெளியிட்டனர். நல்லது, தீயது என்பன போன்ற எதிர்ச்சொற்களை ஒரு கோட்டின் இரு முனைகளில் நிறுத்தி, இடையே ஏழு படிகள் வகுப்பர். ஒரு பெயரைக் கேட்டவர், தம் எண்ணம் எந்தப் படியில் நிற்கிறது என்று குறிப்பார். விளம்பரத்திற்கு முன்னும் பின்னும் இவ்வாறு குறிக்கச் செய்தால், எண்ணம் எத்துணை நகர்ந்தது என்பது புலனாகும்.

எனினும், நகர்த்தியது எது என்பதையும் ஆராய்தல் வேண்டும். அதற்கு ஒப்பீடு இன்றியமையாதது. ஓர் எடுத்துக்காட்டைக் கருதுக. ஒத்த இயல்புடைய இரண்டு ஊர்களில் ஒரு கடையை நம்பத்தக்கது என்போர் நூற்றுக்கு 30 பேர். ஓர் ஊரில் மட்டும் விளம்பரம் செய்தபின் அத்தொகை அங்கே 45 ஆயிற்று. 15 பேர் மனம் மாறினர் என்று கடைக்காரர் மகிழலாம். ஆனால், விளம்பரமே செய்யாத மற்றோர் ஊரிலும் அது 40 ஆகியிருப்பின், விளம்பரத்தின் பயன் 5 மட்டுமே. எஞ்சிய 10 வேறு காரணங்களால் வந்தது. அந்த ஐந்தும், வினவப்பட்டோர் தொகை சிறிதாயின், தற்செயலாக நேர்ந்ததாகவும் இருக்கலாம். ஆதலின், பலரை வினவுதலும், முன்னும் பின்னும் ஒரே வினாவை ஒரே முறையில் கேட்டலும் வேண்டும்.

இங்கிலாந்தில் டெஸ்கோ என்னும் கடைநிறுவனத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1919-ஆம் ஆண்டில் ஜாக் கோகன் என்பவர் இலண்டன் சந்தையில் தொடங்கிய சிறுகடையே பின்னர் அந்நிறுவனமாக வளர்ந்தது. பொருளை மலையாகக் குவித்து மலிவாக விற்பதே அவர் கொள்கை. மலிவுக்கடை என்னும் பெயர் நெடுங்காலம் அதனைத் தொடர்ந்தது. 1993-ஆம் ஆண்டில், சிறு உதவி ஒவ்வொன்றும் பயனுடையது என்னும் பொருள்படும் தொடரை அந்நிறுவனம் விளம்பரத்தில் மேற்கொண்டது. பணம் செலுத்தும் வரிசையில் ஒருவர்க்கு முன்னால் ஒருவர்க்கு மேற்பட்டோர் நின்றால், மற்றொரு வாயில் திறக்கப்படும் என்றும் அறிவித்தது. 1995-ஆம் ஆண்டு முதல், எளிதில் மனநிறைவு கொள்ளாத மூதாட்டி ஒருத்தி கடைப் பணியாளரின் பொறுமையைச் சோதிக்கும் காட்சிகள் தொலைக்காட்சியில் வந்தன. அவ்வாண்டிலேயே செயின்ஸ்பரி நிறுவனத்தை முந்தி, மளிகை வாணிகத்தில் டெஸ்கோ முதலிடம் பெற்றது.

இவ்வெற்றி விளம்பரத்தால் வந்ததா, வரிசை குறைந்தமையால் வந்ததா, அவ்வாண்டே வழங்கப்பட்ட வாடிக்கையாளர் அட்டையால் வந்ததா? மூன்றும் ஒருங்கே நிகழ்ந்தமையால் பிரித்தறிதல் எளிதன்று. ஆயினும் ஒன்று தெளிவு. சொல்லியதைக் கடை செய்தும் காட்டியது. வரிசையில் நின்று காலந்தாழ்த்தவர் முன் அவ்விளம்பரம் எடுபட்டிராது.

அளக்கும் கோல் வணிகர்க்கு மட்டும் உரியதன்று. ஒரு பொருளை விரும்பும்போதும் வெறுக்கும்போதும், இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது என்று தம்மையே வினவுதல் வாங்குவோர்க்கும் நலம் பயக்கும். பயன்படுத்திப் பார்த்து வந்ததா? பலகால் கேட்டதால் வந்ததா? பிறர் இகழ்வர் என்னும் அச்சத்தால் வந்ததா? இவ்வினாக்களுக்கு உண்மையான விடை காண்பவர், பணத்தையும் வீணாக்கார். பிறர் வாங்கிய பொருளைக்கொண்டு அவர்தம் பண்பை அளக்கும் பிழையையும் செய்யார்.

பயிற்சி

1. பொருளுக்கு உரிய இரண்டு உருவங்கள் யாவை?
2. விற்பனைக் கணக்கு மட்டும் விளம்பரத்தின் பயனைக் காட்டாது என்பது ஏன்?
3. மேசன் ஹேர் இரண்டு பட்டியல்கள் எழுதியதன் நோக்கத்தையும் கண்ட முடிவையும் விளக்குக.
4. உங்கள் இல்லத்தில் வழக்கமாக வாங்கும் பொருள் ஒன்றைப்பற்றி வீட்டார் கொண்டுள்ள கருத்து எவ்வாறு தோன்றியது என ஆராய்ந்து ஒரு பத்தி எழுதுக.