ஒரே ஆறு, இரு நகரங்கள்: குடிநீர் புகட்டும் பாடம்

அதிகாலையில் எழுந்து மரம் சீவி, பாலை நிறுத்து ஊற்றிவிட்டு வீடு திரும்பும் தொழிலாளி முதலில் நாடுவது ஒரு குவளைத் தண்ணீரையே. குழாயைத் திறக்கிறோம், தெளிந்த நீர் வருகிறது, அருந்துகிறோம். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீர் உடலுக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறோம். இவ்வெண்ணம் எல்லா வேளையிலும் சரியன்று. ஒரு பெருநகரம் இவ்வுண்மையைப் பல்லாயிரம் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. அவ்வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

தெருவின் இரு பக்கங்கள்

ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் அமைந்த துறைமுக நகரம் ஹாம்பர்க். அதனை ஒட்டி ஆல்டோனா என்னும் மற்றொரு நகரம் அந்நாளில் தனியாட்சி பெற்றிருந்தது. இரண்டிற்கும் இடையே மலையோ மதிலோ இல்லை. சில இடங்களில் ஒரே தெருவின் ஒரு பக்கம் ஹாம்பர்க். மறு பக்கம் ஆல்டோனா.

1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஹாம்பர்க்கில் வாந்திபேதி எனப்படும் காலரா நோய் மூண்டது. அதிகாரிகள் அதனை உடனே வெளிப்படையாக அறிவிக்கவில்லை. நாள்கள் வீணாகக் கழிந்தன. சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 17,000 பேர் நோயுற்றனர்; 8,600 பேர் மாண்டனர். ஆனால் ஆல்டோனாவில் நோய் மிகக் குறைவாகவே காணப்பட்டது. எல்லைத் தெருக்களில் ஒரு பக்கத்து வீடுகளில் சாவு. எதிர்ப்பக்கத்து வீடுகளில் நலம். ஹாம்பர்க் எல்லைக்குள் இருந்தும் ஆல்டோனாவின் குழாய்நீரைப் பெற்ற குடியிருப்புத் தொகுதி ஒன்றும் நோயின்றித் தப்பியது.

காற்று ஒன்று, மண் ஒன்று, மக்களின் வாழ்க்கை முறையும் ஒன்று. வேறுபட்டது தண்ணீர் மட்டுமே. காலராக் கிருமியை 1884-இல் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதிப்படுத்திய மருத்துவ அறிஞர் ராபர்ட் கோச் ஹாம்பர்க்கிற்கு வந்து இவ்வேறுபாட்டை உலகிற்கு எடுத்துக்காட்டினார்.

மணல் செய்த காவல்

இங்கே வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஆல்டோனா ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீர் எடுத்தது. இரு நகரங்களின் சாக்கடைகளும் கலந்த பிறகு வரும் நீர் அது. ஆகவே, அதுவே அதிக அழுக்குடையது. ஆயினும், ஆல்டோனா 1859 முதல் அந்நீரை மணல் படுகைகளின் வழியே மெதுவாக வடியச் செய்த பின்னரே மக்களுக்கு வழங்கி வந்தது. மணலின் மேற்பரப்பில் வழுவழுப்பான மெல்லிய படலம் ஒன்று உண்டாகும். அப்படலமும் அதன் கீழுள்ள மணலும் சேர்ந்து கிருமிகளைத் தடுத்து நிறுத்திவிடும்.

ஹாம்பர்க் நகருக்கு மேலே நீர் எடுத்தபோதிலும், கடலின் ஏற்றம் சாக்கடை நீரை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தது. அந்நகரமோ வடிகட்டாமலேயே நீரை வழங்கியது. வடிகட்டிகள் அமைக்கும் செலவைப்பற்றிப் பல்லாண்டுகள் வாதம் நிகழ்ந்தது. பணி தொடங்கி முடிவதற்குள் நோய் முந்திக்கொண்டது. பின்னர் விரைந்து வேலை செய்து 1893-ஆம் ஆண்டு மே மாதத்தில் வடிகட்டிகளை இயக்கினர். சில ஆண்டுகள் முன்னதாகச் செய்திருந்தால் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும்!

ஆல்டோனாவும் ஒரு பாடம் கற்றது. 1893-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், கடுங்குளிரில் மணல் படுகை உறைந்து பழுதுற்றபோது அங்கும் காலரா தலைகாட்டியது. வடிகட்டி அமைத்தால் மட்டும் போதாது. அதனை நாள்தோறும் கண்காணிக்கவும் வேண்டும். வடிகட்டிய நீரில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 கிருமிகளுக்கு மேல் இருத்தலாகாது என்று கோச் அளவு வகுத்தார். குடிநீரைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் இவ்வாறு வலுப்பெற்றது.

இன்று நீர் தூய்மை பெறும் வகை

ஆற்றுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை அடைந்ததும் அதில் படிகாரம் போன்ற பொருள் கலக்கப்படுகிறது. இதன் செயலை ரப்பர்த் தொழிலாளர் எளிதில் விளங்கிக்கொள்வர். பாலில் திராவகம் இட்டால், அதில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துகள்கள் ஒன்றுகூடிக் கட்டியாகின்றன அல்லவா? அதுபோலவே படிகாரம் இட்டதும் நீரில் மிதக்கும் மண் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரளாகிக் கீழே படிகின்றன. தெளிந்த நீர் மணலின் வழியே வடிகட்டப்படுகிறது. இறுதியாகக் குளோரின் சேர்க்கப்படுகிறது. அது எஞ்சிய கிருமிகளைக் கொல்வதோடு, நெடுந்தொலைவு குழாயில் செல்லும் நீருக்குக் காவலாகவும் நிற்கிறது. குழாய்நீரில் சில வேளை எழும் மருந்து வாடை இதுவே. அதற்கு அஞ்சி, தெளிவாகத் தோன்றும் ஓடை நீரை நாடுவது அறிவுடைமை ஆகாது.

எனினும், நிலையங்களால் எல்லாவற்றையும் நீக்கிவிட முடியாது. 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ரவாங் வட்டாரத்துச் சுங்கை கோங்கில் கழிவு கலந்ததால், சிலாங்கூரில் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட நீர்க்கணக்குகள் பாதிக்கப்பட்டன. ஒரு சிற்றாற்றில் சிலர் செய்த தவறு பெருநகரத்தையே தவிக்கவிட்டது. ஆற்றைக் காப்பதே குடிநீரைக் காப்பதன் முதற்படி என்பதை இதனால் உணரலாம்.

தோட்டத்தில் நம் கடமை

நிலையத்தில் தூய்மை பெற்ற நீர் நம் வீட்டுக் குடத்தில் கெட்டுவிடக் கூடும். ஆகவே கீழ்க்காண்பவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும்:

1. குடிநீரை நன்கு கொதிக்கவைத்து, ஆறியபின் மூடிவையுங்கள். கையையோ அழுக்கான குவளையையோ அதனுள் விடாதீர்கள்.

2. களைக்கொல்லி, உரம், திராவகம் இருந்த தகரங்களையும் பீப்பாய்களையும் எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்குப் பயன்படுத்தவே கூடாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நஞ்சு போகாது.

3. மருந்து தெளிக்கும் கருவிகளை ஓடையிலோ கிணற்றடியிலோ கழுவாதீர்கள்.

4. கிணறு கழிப்பறைக்கு மேட்டுப்பக்கமாக, குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருத்தல் நலம்.

5. நீர்த்தொட்டிக்கு மூடி இடுங்கள், காலந்தோறும் கழுவுங்கள். திறந்த தொட்டி கொசுவுக்கும் வீடாகும்.

நீரின் நிறமோ மணமோ மாறினால், அல்லது குடியிருப்பில் பலருக்கு ஒரே வேளையில் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், நிர்வாகத்திற்கும் சுகாதார இலாகாவிற்கும் தாமதமின்றித் தெரிவியுங்கள். ஹாம்பர்க்கில் மௌனத்தால் நாள்கள் வீணானதை நினைவிற்கொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போதிய குழாய்நீரை இலவசமாக வழங்குவது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் கூறுகிறது. நல்ல நீர் கேட்பது யாசகம் அன்று, அது உரிமை. கிடைத்த நீரைக் கெடாது காப்பதோ நம் கடமை.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. அழுக்கு மிகுந்த நீரை எடுத்த ஆல்டோனா எவ்வாறு தப்பியது?
2. படிகாரமும் திராவகமும் எவ்வகையில் ஒத்த செயலுடையன?
3. கொதிக்கவைத்தும் பாதுகாப்பாகாத நீர் எது?

விடைகளை வீட்டில் பிள்ளைகளோடு கலந்து பேசுங்கள். இன்றே உங்கள் குடத்தின் மூடியையும் ஒரு முறை பாருங்கள்.