விழாவும் ஒப்பந்தமும்

கேள்வி: விளையாட்டு விழா, கலைவிழா என எல்லாவற்றிலும் வெளிநாட்டு ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஜப்பானியப் பள்ளிகளால் அவர்களை ஏன் தக்கவைக்க முடிவதில்லை?

பதில்: விழா ஒட்டவைக்கிறது, ஒப்பந்தம் பெயர்த்தெடுத்துவிடுகிறது. வெளிநாட்டவரை ஜப்பானியப் பள்ளிகளுக்கு அழைத்துவரும், 1987இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் வரும் உதவி மொழி ஆசிரியருக்கு ஓராண்டு ஒப்பந்தம்தான்; புதுப்பித்துக்கொண்டே போனாலும் அதிகபட்சம் 5 ஆண்டுகள். மாணவர்களோடு கயிறு இழுத்து, மாலையில் மன்றப் பயிற்சிக்கு நின்று, பெற்றோருக்கும் பழக்கமாகி, ஊர்ப்பேச்சு பிடிபடும் நேரத்தில் கெடு முடிந்துவிடும். பண்பாட்டுப் பரிமாற்றம்தானே நோக்கம், ஆள் மாறினால் என்ன என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அதே ஆளை ஆங்கில வகுப்பிலும் அல்லவா நிறுத்துகிறார்கள்? பாடத்துக்குத் தொடர்ச்சி வேண்டாமா? உதவியாளர் பணிக்கு மேலே ஏறப் படி இல்லை. தனியே பாடம் நடத்த ஆசிரியர் உரிமம் வேண்டும். துறை அறிவுள்ளவர்களுக்குச் சிறப்பு உரிமம் வழங்க ஜப்பானியச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. தங்க விரும்பும் திறமைசாலிகளுக்கு மாகாணக் கல்வி வாரியங்கள் அதைத் தாராளமாகத் தரலாம்.