தை மாதத்துக்குள் ஆறாது

மதுரை,
ஆடி 8.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கிளினிக் சீட்டை இரண்டு தடவை பார்த்தேன். ஐப்பசியில் மூக்கு ஆபரேஷன், தையில் கல்யாணம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். போனில் பேசினால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், கடைசியில் என்ன சமையல் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம்.

முதலில் உன் அப்பா விஷயம். இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் என்று சத்தம் போட்டாராம். இங்கிருந்துதான் அங்கே போனது என்று அண்ணனிடம் சொல். திப்புவோடு நடந்த சண்டையில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரைப் பிடித்து மூக்கையும் ஒரு கையையும் அறுத்துவிட்டார்கள். புனே பக்கம் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் மெழுகில் மூக்குக்கு அளவெடுத்து, அதே அளவில் நெற்றித் தோலை அறுத்துக் கீழே திருப்பி மூக்காக ஒட்டவைத்தார். 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் இது படத்தோடு வந்தது. கார்ப்யூ என்ற சர்ஜன் 1814-இல் அங்கே அதே முறையைச் செய்து காட்டினார். ஆனால் அது அறுபட்ட மூக்கு. அதற்கு எது செய்தாலும் லாபம். நன்றாக இருக்கிற மூக்கில் கை வைக்கும்போதுதான் நஷ்டக்கணக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது.

31 வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்று கருவி எடுத்துக் கொடுத்தவள் நான். உன் மூக்குத் தண்டை மேலேயிருந்து தடவிப் பார். கண்ணுக்கு நடுவே கெட்டியாக இருப்பது எலும்பு. கீழே வரவர அமுங்குகிறதே, அது குருத்தெலும்பு. அகலத்தைக் குறைக்க அந்த எலும்பைச் சின்ன உளி வைத்துச் சுத்தியலால் தட்டி உடைத்து உள்ளே நகர்த்துவார்கள். டொக், டொக் என்று கேட்கும் அந்தச் சத்தத்துக்கு நான் ஓய்வு பெறும் நாள் வரை பழகவில்லை. நுனியைத் தூக்க முட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு மூக்கின் நடுச்சுவரிலிருந்தோ காதுக்குப் பின்னாலிருந்தோ குருத்தெலும்பு எடுப்பார்கள். போதாவிட்டால் விலா எலும்பின் நுனியிலிருந்து. எடுத்ததைச் சலைன் கிண்ணத்தில் போட்டு என் கையில் தருவார்கள். தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளையாக மிதக்கும். கை நடுங்காமல் பிடித்திருப்பேன், அது கீழே விழுந்தால் வேறு கிடையாது.

சீட்டில் 'கூர்மையான நுனி' என்று போட்டிருக்கிறார்களே, அதைக் கேள். நம்மில் நிறையப் பேருக்கு மூக்கு நுனித் தோல் தடிமன். ஜமக்காளத்துக்கு அடியில் எவ்வளவு ஒழுங்காக அடுக்கி வைத்தாலும் மேலே மொழுக்கென்றுதான் தெரியும். கம்ப்யூட்டரில் உன் முகத்தை மாற்றிக் காட்டுகிறார்களே, அது பேச்சுக்கு உதவும் படம். எழுதிக் கொடுத்த பத்திரம் கிடையாது.

இப்போது தை மாதக் கணக்குக்கு வருகிறேன். ஆபரேஷன் ஆன அன்று இரவு வாயால்தான் மூச்சு. உதடு காயும், விழுங்கிய ரத்தம் வாந்தியாக வரலாம். கண்ணைச் சுற்றிக் கருநீலம் கட்டும். அது இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மறையும். ஒரு வாரத்தில் பிளாஸ்டர் எடுப்பார்கள். அன்றைக்குத்தான் நிறையப் பெண்கள் அழுவதைப் பார்த்திருக்கிறேன். நுனி தூக்கி, தண்டு வீங்கி, கண்ணாடியில் யாரோ நிற்பது மாதிரி இருக்கும். வீக்கத்தில் பெரும்பங்கு சில மாதத்தில் வடியும், நுனி வடிய ஒரு வருஷம் பிடிக்கும். தோல் தடித்தவர்களுக்கு இன்னும் கூட ஆகலாம். நுனியும் மேல் பல்வரிசையும் கொஞ்ச காலம் மரத்திருக்கும்.

தையில் உன் மூக்குக்கு மூன்று மாதம் வாக்கில்தான் ஆகியிருக்கும். ஓமப்புகையில் நாள் முழுக்க உட்கார வேண்டும். ஆளாளுக்குக் கட்டிப்பிடிப்பார்கள். மாலை மாற்றும்போது உன் மாமன்மார் போடும் ஆட்டம் உனக்குத் தெரியாதா? ஆல்பத்தில் நிரந்தரமாக நிற்கப் போவது பாதி வீங்கிய மூக்கு. பத்துப் பதினைந்து பேரில் ஒருவருக்காவது மறுபடி கை வைக்க வேண்டி வரும், அதையும் ஒரு வருஷம் கழித்துத்தான் செய்வார்கள். உனக்கு வேண்டும் என்றால் கல்யாணம் முடிந்து செய்துகொள். இல்லை, கல்யாணத்துக்காகத்தான் செய்கிறேன் என்றால், யார் கேட்டார்கள் என்று எனக்கு எழுது. மாப்பிள்ளை வீட்டில் யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் அது மூக்கோடு நிற்கப் போவதில்லை.

டாக்டர் யார் என்று பார்த்தேன். சீட்டில் 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று மட்டும் இருக்கிறது. அது சர்ஜன் படிப்பு அல்ல. எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி முடித்தவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் எம்.எஸ். ஈ.என்.டி. முடித்து மூக்கு வேலையே தொழிலாகச் செய்கிறவராக இருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பட்டியலில் பார். மயக்க ஊசி போடத் தனி டாக்டர் கடைசிவரை கூட இருப்பாரா, சரியாக வராவிட்டால் மறு ஆபரேஷன் செலவு யாருடையது என்று கேள். உன்னைப் போன்ற மூக்குகளின் படம் காட்டச் சொல், ஒரு வருஷம் கழித்து எடுத்ததாக. 'முதலில் மூச்சு எப்படி இருக்கிறது?' என்று உள்ளே விளக்கடித்துப் பார்க்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை வரும். ஓட்டையைச் சுருக்கிவிட்டு ராத்திரி வாயைத் திறந்து தூங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிலிகான் வைத்தால் சுலபம் என்றும் சொல்வார்கள். வேறெங்கோ வைத்துக்கொண்ட ஒரு பெண் எங்களிடம் வந்தாள். நுனி சிவந்து, தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, வெள்ளையாக உள்ளே இருந்தது எட்டிப் பார்த்தது. எடுத்துவிட்டு ஆற விட்டோம். அவள் மூக்கு முன்பைவிடச் சின்னதாகத்தான் ஆனது. ஊசியில் ஃபில்லர் போட்டுக்கொள்வதும் விளையாட்டல்ல. ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் கருகும். அபூர்வமாகப் பார்வையும் போகும். பியூட்டி பார்லரில் அதற்குச் சம்மதிக்கவே சம்மதிக்காதே.

பணத்தைப் பற்றி: அழகுக்கான ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் வராது, ஜி.எஸ்.டி. உண்டு. சீட்டில் அதைச் சேர்த்திருக்கிறார்களா பார். 'மூச்சுக்கோளாறு என்று எழுதித் தருகிறோம்' என்றால் எழுந்து வந்துவிடு. இன்சூரன்ஸுக்குப் பொய் எழுதுகிறவர்கள் உன்னிடம் மட்டும் உண்மை பேசுவார்களா?

மாத்திரை, லேகியம், நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரிடம் சொல். ஆஸ்பிரின், புரூஃபென் வகை ரத்தக் கசிவைக் கூட்டும். சிகரெட் பற்றி நான் கேட்கமாட்டேன். அவர் கேட்டால் பொய் சொல்லாதே, புகை பிடிக்கிறவர்களுக்குப் புண் சீக்கிரம் ஆறாது. மூக்குத்தியை முன்பே கழற்றிவிடு, மறுபடி எப்போது போடலாம் என்று அவரையே கேள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மு. மூக்குக் கண்ணாடியைக் குறைந்தது ஒரு மாதத்துக்காவது தண்டில் வைக்கக் கூடாது.

இன்னொன்று. நீ அனுப்பிய படங்கள் எல்லாமே செல்ஃபி. ஓரடி தூரத்தில் எடுத்தால் ஐந்தடியில் எடுத்ததைவிட மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். யாரையாவது ஐந்தடி தள்ளி நிற்க வைத்து எடுக்கச் சொல்லி, அந்தப் படத்தை அனுப்பு.

உனக்கு ஆறு வயதில் 'குடமிளகாய்' என்று பேர் வைத்தது நான்தான். வீடே சேர்ந்து சிரித்தது, நீயும் சிரித்தாய். பதினெட்டு வருஷமாக அது உள்ளே கிடந்திருக்கிறது என்று இந்தச் சீட்டைப் பார்த்ததும் தோன்றியது. இல்லை என்று நீ சொன்னாலும் நம்பப் போவதில்லை. தப்பு என்னுடையது, கண்ணு.

யோசித்து, கேட்டு, அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் நான் தடுக்க மாட்டேன். கல்யாணம் முடிந்து நாள் குறி. முதல் மூன்று ராத்திரி நான் வந்து பக்கத்தில் இருக்கிறேன், உன் அம்மாவுக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும். தலை உயர்த்திப் படுக்க மூன்று தலையணை வேண்டும். தலை வழியாகப் போடும் உடுப்பு உதவாது, முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு வாங்கி வை.

அன்புடன்,
அத்தை