வாசலிலேயே கேட்டுவிடு

கண்ணா, ஹாஸ்கெல் படிக்கத் தொடங்கியிருக்கிறாய். போர்ட் எண், டேட்டாபேஸ் முகவரி போன்றவற்றைச் சூழல் மாறிகளிலிருந்து எடுக்கும் வேலை சீக்கிரமே உன்னிடம் வரும். சின்ன வேலைதான், ஆனால் உன் குணம் அதில் தெரிந்துவிடும்.

1. இல்லாததை இல்லை என்று ஒப்புக்கொள். மாறி இல்லாவிட்டால் 'கெட்என்வ்' பிழை வீசும். 'லுக்அப்என்வ்' அப்படிச் செய்யாது. இருந்தால் 'ஜஸ்ட்', இல்லாவிட்டால் 'நத்திங்' என்று சொல்லிவிட்டு முடிவை உன்னிடம் விடும். இதையே பழகு. ஆனால் நத்திங்கைக் கண்டதும் ஏதோ ஒன்றை இட்டு நிரப்பிவிடாதே. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், முகவரி கிடைக்காவிட்டால் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று ஒருவர் எழுதி வைத்திருந்தார். சர்வரில் மாறியின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று. வாடிக்கையாளர்களின் பதிவுகள் எல்லாம் யாரும் பார்க்காத ஒரு டேட்டாபேஸில் போய்ச் சேர்ந்தன. பொய்யாய் ஓடுவதைவிட நேர்மையாய் நிற்பது மேல்.

2. வருவதெல்லாம் வெறும் ஸ்ட்ரிங். 8080 கூட எழுத்துகளாகத்தான் வரும். 'ரீட்' போட்டால், எண் இல்லாத நாளில் 'நோ பார்ஸ்' என்று மட்டும் சொல்லி விழும். எந்த மாறி என்று சொல்லாது. 'ரீட்மேபி' பயன்படுத்து. எண்ணாக மாறினாலும் 1 முதல் 65535 வரைக்குள் இருக்கிறதா என்று பார். லினக்ஸில் மாறி இருந்தும் மதிப்பு காலியாக இருக்கலாம்; அப்போது வருவது நத்திங் அல்ல, காலி ஸ்ட்ரிங்கைச் சுமந்த ஜஸ்ட்.

3. எல்லாவற்றையும் 'மெயின்' தொடக்கத்திலேயே கேட்டு, ஒரு ரெக்கார்டில் வைத்து, உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களுக்குக் கையில் கொடு. ஒரு ஃபங்ஷனின் டைப்பில் 'ஐஓ' இருப்பதைத் தொல்லையாக நினைக்காதே. வெளியுலகைத் தொடுகிறேன் என்று அந்த ஃபங்ஷன் தரும் வாக்குமூலம் அது. 'அன்சேஃப்பெர்ஃபார்ம்ஐஓ' கொண்டு அதை மறைக்கச் சொல்பவர்கள் வருவார்கள். கேட்காதே.

4. பிழைச்செய்தியை நடுராத்திரியில் படிக்கப்போகிறவரை நினைத்து எழுது. மூன்று மாறிகள் இல்லையென்றால் மூன்றையும் ஒரே தடவையில் பெயரோடு சொல். 'ஈதர்' கொண்டு 'டூ'வில் வரிசையாக எழுதினால் முதல் பிழையிலேயே நின்றுவிடும். பிழைகளைச் சேர்த்துத் தரும் அப்ளிகேட்டிவ் முறையைக் கற்றுக்கொள்.

5. பிறர் உன்னை நம்பிக் கொடுத்த ரகசியத்தைக் காப்பாற்று. ரெக்கார்டுக்கு 'டெரைவிங் ஷோ' போட்டு லாகில் அச்சிட்டால் கடவுச்சொல்லும் கூடவே போய்விடும். அதற்குத் தனியாக ஒரு 'நியூடைப்' செய்து, நட்சத்திரக் குறிகள் மட்டும் தெரியும்படி 'ஷோ'வை நீயே எழுது. உன் நிரல் வேறொரு நிரலைத் தொடங்கினால், நீ தடுக்காவிட்டால் அதற்கும் இந்த மாறிகள் எல்லாம் போய்ச் சேரும். எதை அனுப்பலாம் என்று அங்கேயும் பார்த்துச் செய்.