கோப்புக்குள் இருக்கும் படங்கள்

இவ்வருட மலருக்கு வந்த ஆக்கங்களைப் பிழை திருத்தி அச்சகத்துக்கு அனுப்பும் வேலை எங்கள் மூன்று பேருக்குக் கிடைத்தது. எழுத்துப் பிழைகளைவிடப் படங்கள்தான் எங்களைப் படாத பாடு படுத்தின. அநேகமானோர் கட்டுரையோடு படத்தையும் வேர்ட் கோப்பிலேயே ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அச்சகத்தாரோ, "படங்களை வேறாகத் தாங்க பிள்ளை" என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் திரையைப் படம்பிடித்து, வெட்டிக் கொடுத்தோம். கணினியில் வடிவாகத்தான் தெரிந்தது. மாதிரிப் பிரதியிலோ முகங்கள் கட்டம் கட்டமாக வந்துவிட்டன. காரணம் ஒரு சின்னக் கணக்கு. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 3000 புள்ளி அகலமான படத்தை 10 அங்குலம்வரை அச்சிடலாம். அதே படம் திரையில் 600 புள்ளி அகலத்தில் தெரியும்போது நாம் படம்பிடித்தால், நமக்குக் கிடைப்பது வெறும் 2 அங்குலத்துக்கான படம்.

எங்கள் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியைதான் வழி காட்டினார். 2007 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வேர்ட் சேமிக்கும் 'டொக்எக்ஸ்' கோப்பு உண்மையில் ஒற்றைக் கோப்பல்ல. அது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஒரு 'சிப்' பொதி. எழுத்துக்கள் ஒரு கோப்பில், படங்கள் வேறொரு கோப்புறையில் என்று உள்ளே பிரிந்து கிடக்கின்றன. நமது சாப்பாட்டுப் பார்சலைப் போலத்தான். பிரித்தால் சோறு வேறு, கறி வேறு.

செய்முறை இதுதான். முதலில் கோப்பை ஒரு பிரதி எடுங்கள். மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம். பிரதியின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் உள்ள 'டொக்எக்ஸ்' என்பதை அழித்து 'சிப்' என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். அந்தப் பின்னொட்டு தெரியாவிட்டால், விண்டோஸ் கோப்புறையின் 'வியூ' பட்டியலில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். கோப்பு பழுதாகலாம் என்று கணினி எச்சரிக்கும். பயப்படாமல் 'யெஸ்' கொடுங்கள். இனிப் பொதியைத் திறந்து 'வேர்ட்' என்ற கோப்புறைக்குள் போனால் 'மீடியா' என்று ஒன்று இருக்கும். படங்கள் எல்லாம் அங்கேதான். பழைய பெயர்கள் போய் 'இமேஜ் 1', 'இமேஜ் 2' என்று கிடக்கும்.

பழைய 'டொக்' கோப்புக்கு இது சரிவராது. அதை வேர்டில் திறந்து 'டொக்எக்ஸ்' ஆகச் சேமித்த பிறகே செய்யலாம். லிப்ரே ஒஃபிஸின் 'ஓடிடி' கோப்பும் ஒரு பொதிதான்; அதில் கோப்புறையின் பெயர் 'பிக்சர்ஸ்'. வேர்ட் சிலவேளை சேமிக்கும்போது தானாகவே படத்தின் தரத்தைக் குறைத்துவிடும். அப்படிக் குறைந்துபோன படத்தை எந்தப் பொதியிலிருந்தும் மீட்க முடியாது. ஒட்டுவதற்கு முன்பே 'ஒப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்ட்' என்று போய், படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற தெரிவை இட்டு வைப்பது புத்தி.

இவ்வளவும் சந்தோசமான பாடம். அடுத்தது அப்படியல்ல.

தங்கை வகுப்பு மாணவி ஒருத்தி, பாய் இழைக்கும் தன் மூத்தும்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். வேர்டில் தெரிந்தது மூத்தும்மாவும் பாயும் மட்டுமே. 'மீடியா'வைத் திறந்தபோது முழுப்படமும் வந்தது. பக்கத்தில் அவளுடைய ராத்தா, வீட்டில் இருந்தபடியே, தலையில் முக்காடு இல்லாமல். அவள் 'க்ரொப்' செய்து மறைத்த பகுதி அது. வேர்டில் வெட்டுவது பெரும்பாலும் வெட்டுவதே அல்ல, மூடி வைப்பதுதான். அந்தக் கோப்பை நான் அப்படியே அச்சகத்துக்கு அனுப்பியிருந்தால்?

மற்ற இருவருக்கும் சொல்லாமல் அந்தப் பிள்ளையை மட்டும் அழைத்துச் சொன்னேன். முகம் வெளிறிப் போயிற்று. "ராத்தாவுக்குத் தெரிஞ்சா ஏசுவா" என்றாள். இருவரும் உட்கார்ந்து சரிசெய்தோம். படத்தைத் தெரிவுசெய்து, 'பிக்சர் ஃபோர்மட்' பகுதியில் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' என்பதை அழுத்தி, வெட்டிய பகுதிகளை அழிக்கும் தெரிவுக்குச் சரி அடையாளம் இட்டுச் சேமிக்க வேண்டும். அச்சுக்கான படமாதலால் தரத்தைக் குறைக்காத தெரிவையே வைத்தோம். வேர்டுக்குக் கொண்டுவரும் முன்பே கைத்தொலைபேசியில் வெட்டி, வெட்டிய படத்தை மட்டும் ஒட்டினால் இந்த வேலையே இல்லை. ஏற்கெனவே வட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதிகள் மாறமாட்டா என்பதால், என்னிடமிருந்த பழைய கோப்பை அவள் முன்னாலேயே அழித்தேன், குப்பைத் தொட்டியிலிருந்தும்.

புதிய கோப்பை மறுபடி 'சிப்' ஆக்கித் திறந்தோம். 'மீடியா'வில் ஒரே ஒரு படம். மூத்தும்மா, மடியில் பாதி இழைத்த பாய், ஓரத்தில் வெறும் சுவர்.